அவலானைத் தேடிப் போனவர்கள்: நாட்டுப் பாடகர்களைக் 'கண்டுபிடித்த' கதை

(ஒலிப்பதிவைக் கேட்டு எழுதி, நான் சொன்ன 'அதாவது'களில் பாதியை வெட்டித் திருத்திய வடிவம்.)

வணக்கம் நண்பர்களே. நம்ம எபிசோட் எப்பவும் ஒரு இருபது செகண்ட் பறை அடியோடதான் ஆரம்பிக்கும். இன்னைக்கு அது வரலை. எடிட்டிங்ல விட்டுப்போச்சுன்னு சிலர் நினைச்சிருக்கலாம். விட்டுப்போகலை, நான்தான் எடுத்தேன். காரணத்தைக் கடைசியில சொல்றேன். அதுக்கு முன்னாடி நாம 1963க்குப் போகணும், அமெரிக்காவோட மிசிசிப்பி மாநிலத்துக்கு.

ப்ளூஸ் இசை பத்தி ஒரு எபிசோட் பண்ணுங்கன்னு ரொம்ப நாளா கேட்டுக்கிட்டிருந்தீங்க. இது அதுதான். ஆனா படிக்கப் படிக்க எனக்கு இசையை விட வேற ஒரு விஷயம் பெருசாத் தெரிஞ்சது. ஒரு நாட்டுப் பாடகரை வெளியாட்கள் 'கண்டுபிடிச்ச' பிறகு அந்தப் பாடகருக்கு என்ன ஆச்சு, அவர் வீட்டுக்கு என்ன போய்ச் சேர்ந்தது என்பதுதான் அது.

பாட்டுக்குள்ள ஒரு முகவரி

1928ல ஓகே என்கிற ரெக்கார்ட் கம்பெனி, மிசிசிப்பியில வாரத்துக்கு நிலம் உழுதுக்கிட்டிருந்த ஒரு கறுப்பின விவசாயியைக் கூப்பிட்டுப் பாட வைத்தது. பெயர் ஜான் ஹர்ட். அந்தப் பக்கத்து வெள்ளைக்கார ஃபிடில் கலைஞர் ஒருத்தர் சிபாரிசு பண்ணியிருந்தார். பிப்ரவரியில மெம்ஃபிஸ் நகரத்துல ஒரு தடவை, டிசம்பர்ல நியூயார்க்ல ஒரு தடவை பதிவு நடந்தது. சத்தமே போடாத மென்மையான குரல். கட்டைவிரல் தாளத்தைப் பார்த்துக்க, மற்ற விரல்கள் மெட்டைப் பார்த்துக்கும் கிட்டார் வாசிப்பு. கண்ணை மூடிக் கேட்டா ரெண்டு பேர் வாசிக்கிற மாதிரி இருக்கும். விற்பனைக்காக லேபிள்ல 'மிசிசிப்பி ஜான் ஹர்ட்'னு அச்சடிச்சாங்க.

ரெக்கார்ட் பெருசா விற்கலை. 1929ல அமெரிக்கப் பொருளாதாரம் படுத்தது. கம்பெனி மறுபடி கூப்பிடலை. ஹர்ட் வயலுக்கே திரும்பிட்டார். ஊர் விசேஷங்கள்ல வாசிச்சுக்கிட்டு, வேலை பார்த்துக்கிட்டு அப்படியே முப்பது வருஷத்துக்கு மேல போயிடுச்சு.

இதுக்கு நடுவுல 1952ல ஹாரி ஸ்மித் என்பவர் தன்கிட்ட இருந்த பழைய இசைத்தட்டுகள்ல இருந்து 84 பாட்டைத் தேர்ந்தெடுத்து ஒரு தொகுப்பு கொண்டுவந்தார். வெளியிட்டது ஃபோக்வேஸ் நிறுவனம். அதுல ஜான் ஹர்ட் பாடினது ரெண்டு. வடக்கு நகரங்கள்ல கல்லூரிப் பையன்கள் இந்தத் தொகுப்பை மனப்பாடம் பண்ணாங்க. பாடினவங்க எல்லாரும் எப்பவோ செத்துப்போன ஆட்கள்னுதான் அவங்க நினைப்பு. கீறல் விழுந்த அந்தச் சத்தத்தைக் கேட்டா யாருக்கும் அப்படித்தான் தோணும்.

1963ல வாஷிங்டன் நகரத்து இசைத்தட்டு சேகரிப்பாளர்கள் ஹர்ட்டோட இன்னொரு பழைய பாட்டைக் கேட்கிறாங்க. அதுல அவலான்னு ஒரு ஊர்ப்பேர் வருது. அதுதான் தன் ஊர்னு பாடுறார். அப்போதைய ரோடு மேப்ல அந்தப் பேரே இல்லை. 19ஆம் நூற்றாண்டு அட்லஸ் ஒண்ணைப் புரட்டிப் பார்த்தா மிசிசிப்பியில, கிரீன்வுட் ஊருக்கும் கிரெனடா ஊருக்கும் நடுவுல அவலான் இருக்கு. டாம் ஹாஸ்கின்ஸ்னு ஒரு இளைஞர் கிளம்பிப் போனார். கடைத்தெருன்னு சொல்ல அங்க இருந்தது ஒரு கடைதான். அங்க விசாரிச்சதும், 'இந்த ரோட்டுலயே போங்க, வீடு வந்துடும்'னு கையைக் காட்டிட்டாங்க.

இந்த இடத்துல கொஞ்சம் நில்லுங்க. 35 வருஷமா 'காணாமப் போன' ஒரு மனுஷனைப் பத்தி ஊர்க் கடையில கேட்டா, யோசிக்காம வழி சொல்றாங்க. ஊர்க்காரங்களைப் பொறுத்தவரை அவர் எங்கேயும் போகலை. அந்த ரோட்டுலதான் இருந்தார்.

வந்தது யாருன்னு தெரியாத பயம்

ஹாஸ்கின்ஸைப் பார்த்ததும் ஹர்ட், ஏதோ போலீஸ் விவகாரம், எஃப்பிஐ ஆள்னு நினைச்சுட்டாராம். இந்தக் கதையை இசை ரசிகர்கள் சிரிச்சுக்கிட்டே சொல்வாங்க. ஆனா அந்த வருஷம் அந்தப் பக்கம் என்ன நடந்துக்கிட்டிருந்ததுன்னு பார்த்தா சிரிப்பு வராது.

1963ல மிசிசிப்பியில கறுப்பின மக்களால வாக்காளர் பட்டியல்ல சுலபமாப் பேர் சேர்க்க முடியாது. அவலானுக்குப் பக்கத்து ஊரான கிரீன்வுட்ல அதே வசந்த காலத்துல, பேர் பதிய ஊர்வலமாப் போனவங்க மேல போலீஸ் நாயை ஏவினாங்க. ஜூன் 12ஆம் தேதி, மாநிலத் தலைநகர் ஜாக்சன்ல, உரிமைப் போராட்டத் தலைவர் மெட்கர் எவர்ஸை அவர் வீட்டு வாசல்லயே சுட்டுக் கொன்னாங்க. அப்படிப்பட்ட ஊர்ல, முன்னப்பின்ன தெரியாத ஒரு வெள்ளைக்காரப் பையன் வாசல்ல வந்து பேரைச் சொல்லிக் கூப்பிட்டா, எழுபது வயசுக் கறுப்பின மனுஷனுக்கு முதல்ல என்ன தோணும்?

அடுத்த வருஷம் இது இன்னும் கூர்மையாத் தெரியும். 1964 ஜூன்ல இன்னும் ரெண்டு பழைய பாடகர்களை ரெண்டு தனித்தனிக் குழு தேடிக் கண்டுபிடிச்சது. ஸ்கிப் ஜேம்ஸ், மிசிசிப்பியில ட்யூனிகாங்கிற ஊர் ஆஸ்பத்திரியில படுத்திருந்தார். சன் ஹவுஸைத் தேடி மூணு பேர் கார்ல மிசிசிப்பி முழுக்க அலைஞ்சாங்க. கடைசியில பார்த்தா அவர் இருந்தது நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர்ல. ரெண்டு தலைமுறையாத் தெற்குல இருந்து லட்சக்கணக்கான கறுப்பினக் குடும்பங்கள் வேலை தேடி வடக்கே போனாங்க இல்லையா, அதுல அவரும் போயிருந்தார். அங்க ரயில்வே வேலை பார்த்தவர், ஓய்வு பெற்று இருந்தார்.

அதே ஜூன் மாசம், அதே மிசிசிப்பியில, வாக்காளர் பதிவுக்காக வேலை செஞ்ச மூணு இளைஞர்கள் காணாமப் போனாங்க. ஜேம்ஸ் சேனி, ஆண்ட்ரூ குட்மேன், மைக்கேல் ஷ்வெர்னர். ஆகஸ்ட்ல ஒரு மண் அணைக்கு அடியில உடல்கள் கிடைச்சது. பாடகரைத் தேடிப் போன பசங்களுக்கும் இவங்களுக்கும் கிட்டத்தட்ட ஒரே வயசு. ஒரு கூட்டம் பாட்டைத் தேடிப் போச்சு, இன்னொரு கூட்டம் அந்தப் பாட்டைப் பாடின சமூகத்துக்கு ஓட்டு வாங்கித் தரப் போச்சு. பாட்டைத் தேடிப் போனது தப்புன்னு நான் சொல்லலை. ஆனா பாடகரை மட்டும் தனியாப் பிரிச்சுத் தூக்கிக்கிட்டு வரமுடியாது, அவரைச் சுத்தி ஒரு ஊரே இருக்கு என்பதை இந்த ரெண்டு பயணத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தாத்தான் புரியுது.

ஹர்ட் 1963 ஜூலையில நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழா மேடையில பாடினார். ஆல்பங்கள் வந்தன, டிவியில வந்தார். எல்லாம் மூணே வருஷம். 1966 நவம்பர்ல இறந்துட்டார். அதுக்கப்புறம் அவர் பதிவுகளோட உரிமை யாருக்குன்னு கோர்ட்ல வழக்கு நடந்தது.

ஜெயிலுக்குள்ள போன மெஷின்

தேடிப் போய்ப் பதிவு பண்ற இந்த வழக்கம் 1963ல ஆரம்பிச்சது இல்லை. முப்பது வருஷம் பின்னாடி போவோம்.

1933ல ஜான் லோமாக்ஸ் என்கிற நாட்டுப்புறப் பாடல் சேகரிப்பாளர், மகன் ஆலனைக் கூட்டிக்கிட்டு தெற்கு மாநிலங்கள்ல சுத்தினார். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காகப் பாட்டு சேகரிக்கிற வேலை. காரோட பின்பக்கத்துல தட்டுல பள்ளம் வெட்டிப் பதிவு பண்ற மெஷின், அதுக்கு பேட்டரின்னு ஏத்திக்கிட்டுப் போனாங்க. ரேடியோவும் புது சினிமாப் பாட்டும் எட்டாத இடத்துலதான் பழைய பாட்டு அப்படியே இருக்கும்னு கணக்குப் போட்டு, ஜெயில் ஜெயிலாப் போனாங்க. லூசியானாவுல அங்கோலா சிறைச்சாலையில ஒரு கைதி, பன்னிரண்டு கம்பி கிட்டாரோட. பெயர் ஹடி லெட்பெட்டர். உலகம் அவரை லெட் பெல்லின்னு கூப்பிடும்.

கவர்னருக்குப் பாட்டுப் பாடி விடுதலை வாங்கினார்னு ஒரு கதை உண்டு. அதுல பாதி உண்மை. 1925ல டெக்சஸ் கவர்னர் மன்னிப்புக் கொடுத்தது நிஜம். 1934ல லூசியானாவுல வெளியே வந்தது நன்னடத்தைக் கணக்குப்படிதான். ஆனா பாட்டால வந்த விடுதலைங்கிற கதைக்குத்தான் மவுசு. 1935ல ஒரு செய்திப் படத்துக்காக லெட் பெல்லியை மறுபடி கைதி உடை போட வைச்சு, அந்தக் காட்சியை நடிக்க வெச்சாங்க.

வெளியே வந்தவர் லோமாக்ஸுக்கு கார் ஓட்டினார், கூடவே மேடையில பாடினார். ஒரு கட்டத்துல ஒப்பந்தப்படி வருமானத்தை மூணாப் பிரிச்சாங்க. லெட் பெல்லிக்கு ஒண்ணு, அப்பாவுக்கு ஒண்ணு, பிள்ளைக்கு ஒண்ணு. பாடினவருக்கு மூணுல ஒரு பங்கு. 1935லயே சண்டை வந்து பிரிஞ்சாங்க.

லெட் பெல்லி 1949 டிசம்பர்ல இறந்தார். அடுத்த வருஷமே, 1950ல, வீவர்ஸ் என்கிற குழு 'குட்நைட் ஐரீன்' பாட்டைப் பாடி அமெரிக்கா முழுக்க முதலிடம் பிடிச்சது. பாட்டை எழுதியவர்கள்னு ரெண்டு பேர் பெயர் இருந்தது. ஹடி லெட்பெட்டர், ஜான் லோமாக்ஸ்.

என்கூட வேலை பார்க்கிறவங்களுக்காக ஒரு உதாரணம். கிட்ல ஒவ்வொரு காமிட்லயும் ரெண்டு பேர் இருக்கும். எழுதினவர் ஒருத்தர், அதைக் கொண்டுவந்து சேர்த்தவர் ஒருத்தர். ரெண்டுமே முக்கியமான வேலைதான், அதனாலதான் ரெண்டுக்கும் தனித்தனி இடம் ஒதுக்கியிருக்காங்க. நாட்டுப் பாட்டு வியாபாரத்துல கொண்டுவந்து சேர்த்தவர் பேரும் எழுதினவர் இடத்துல போய் உட்கார்ந்தது.

ஒரு நியாயமும் சொல்லணும். லோமாக்ஸ் குடும்பம் பதிவு பண்ணலைன்னா நாம இன்னைக்கு அந்தக் குரலைக் கேட்டிருக்கவே மாட்டோம். 1939ல லெட் பெல்லி மேல ஒரு வழக்கு வந்தப்போ, ஆலன் லோமாக்ஸ் தன் மேல்படிப்பை விட்டுட்டு அவருக்காகப் பணம் திரட்டினார். இவங்களை வில்லன்னு முத்திரை குத்திட்டுப் போறது சுலபம். அன்பும் மரியாதையும் இருந்தும் கணக்குத் தப்பாப் போயிருக்குங்கிறதுதான் நம்மை யோசிக்க வைக்கணும்.

சுவரில் மாட்டியிருந்த கிட்டார்

அடுத்த கதை ஒரு அம்மாவோடது. எலிசபெத் காட்டன். வட கரோலினாவுல பிறந்தவர். சின்ன வயசுல வீட்டு வேலை செஞ்சு சேர்த்த காசுல, 3 டாலர் 75 சென்ட்டுக்கு ஒரு கிட்டார் வாங்கினார். இடது கைப் பழக்கம். கம்பியை மாத்திக் கட்டாம கிட்டாரையே தலைகீழாத் திருப்பிப் பிடிச்சு வாசிச்சார். அதனால மற்றவங்க கட்டைவிரல் செய்யற வேலையை அவர் மற்ற விரல்களால செய்வார், மெட்டைக் கட்டைவிரல் எடுக்கும். வீட்டுப் பக்கத்துல போற சரக்கு ரயிலைப் பார்த்து, பத்துப் பன்னிரண்டு வயசுல ஒரு பாட்டுக் கட்டினார். அதுதான் 'ஃப்ரெய்ட் ட்ரெயின்'. அப்புறம் கல்யாணம், குழந்தை, சர்ச்சுல இந்த மாதிரிப் பாட்டெல்லாம் வேண்டாம்னு சொன்னது, எல்லாம் சேர்ந்து பல வருஷம் கிட்டாரையே தொடலை.

பிறகு வாஷிங்டன்ல ஒரு பெரிய கடையில வேலை. ஒருநாள் கடையில தொலைஞ்சுபோன ஒரு சின்னப் பொண்ணைத் தேடிக் கொண்டுவந்து அம்மாகிட்ட ஒப்படைச்சார். அந்த அம்மா இசையமைப்பாளர் ரூத் க்ராஃபோர்ட் சீகர். அந்தக் குழந்தை பெக்கி சீகர். அந்த அறிமுகத்துல சீகர் வீட்டுக்கே வீட்டு வேலைக்குச் சேர்ந்தார் காட்டன். அது நாட்டுப்புற இசையே மூச்சா இருந்த வீடு. சுவர்ல கிட்டார் மாட்டியிருக்கும். யாரும் இல்லாத நேரத்துல அதை எடுத்துத் தலைகீழாப் பிடிச்சு வாசிச்சப்போதான் வீட்டுக்காரங்களுக்கே விஷயம் தெரிஞ்சது. நாடு முழுக்க நாட்டுப் பாட்டைத் தேடிக்கிட்டிருந்த குடும்பத்துக்கு, அவங்க வீட்டுச் சமையலைப் பார்த்துக்கிட்டிருந்தவர் யாருன்னு தெரியலை.

1950கள்ல பெக்கி சீகர் இங்கிலாந்து போனார், இந்தப் பாட்டை அங்க பாடினார். கேட்ட ரெண்டு பேர் பாட்டைத் தங்க பேர்ல பதிவு பண்ணிட்டாங்க. 1957ல சாஸ் மெக்டெவிட், நான்சி விஸ்கி பாடி அது இங்கிலாந்துல பெரிய ஹிட். கட்டினவர் வாஷிங்டன்ல பாத்திரம் கழுவிக்கிட்டிருந்தார். சீகர் குடும்பம் கூட நின்னு சட்டப்படி முட்டி மோதினதுக்கு அப்புறம்தான் எழுதினவர் இடத்துல காட்டன் பேர் வந்தது.

இங்கதான் எனக்கு வித்தியாசம் தெரிஞ்சது. சீகர் குடும்பம் அவரைக் கேட்டு ஆச்சரியப்பட்டதோட நிக்கலை. மகன் மைக் சீகர் வீட்டிலேயே பதிவு பண்ணி 1958ல காட்டன் பேர்லயே ஆல்பம் வர வழி பண்ணினார், மேடைக்குக் கூட்டிட்டுப் போனார். அப்படியும் 1970 வாக்குல வரைக்கும் காட்டன் வீட்டு வேலையை விடலை. 1978ல சம்பாதிச்ச காசுல சைரக்யூஸ் நகரத்துல சொந்தமா வீடு வாங்கினார். 1985ல தொண்ணூறைத் தாண்டின வயசுல கிராமி விருது. விருதை விட அந்த வீடுதான் எனக்குப் பெரிய செய்தி.

ஒரு கையெழுத்துக்காக

சன் ஹவுஸைத் தேடிப் போன மூணு பேர்ல டிக் வாட்டர்மேன்னு ஒருத்தர் இருந்தார். மற்றவங்க தேடிக் கண்டுபிடிச்சதோட அவரவர் வழியில போனாங்க, இவர் கூடவே தங்கிட்டார். கச்சேரி பிடிக்கிறது, ரயில் டிக்கெட் எடுக்கிறது, கிளப் முதலாளிகிட்ட பேசின காசை வாங்கித் தர்றதுன்னு, வயசான ப்ளூஸ் கலைஞர்களுக்காக ஒரு ஏஜென்சி ஆரம்பிச்சார். வெச்ச பேர் என்ன தெரியுமா? அவலான் ப்ரொடக்‌ஷன்ஸ்.

அவர் பார்த்துக்கிட்ட கலைஞர்கள்ல ஆர்தர் 'பிக் பாய்' க்ரூடப் ஒருத்தர். 1946ல 'தட்ஸ் ஆல் ரைட்' பாட்டை எழுதிப் பதிவு பண்ணினவர். 1954 ஜூலையில மெம்ஃபிஸ்ல ஒரு பத்தொன்பது வயசுப் பையன் அதைப் பாடினான். அவன்தான் எல்விஸ் ப்ரெஸ்லி, அதுதான் அவனோட முதல் இசைத்தட்டு. எல்விஸ் க்ரூடப்போட பேரை மறைக்கலை, பேட்டியிலயே சொன்னவர். ஆனா ராயல்டி பேட்டி வழியா வராது, ஒப்பந்தம் வழியாத்தான் வரும். க்ரூடப்புக்குக் காசு வரலை. 'நான் பாடி அவங்க பணக்காரங்க ஆகுறாங்க'ங்கிற வெறுப்புல பதிவு பண்றதையே விட்டுட்டு, வர்ஜீனியாவுல பண்ணை வேலைக்குப் போயிட்டார்.

வாட்டர்மேன் வருஷக்கணக்கா பழைய கணக்கைத் தோண்டினார். 1971ல பாட்டு உரிமை வெச்சிருந்த கம்பெனி சுமார் 60,000 டாலர் தர்றதா ஒரு சமரசம் வந்தது. க்ரூடப் பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு நியூயார்க் வந்து கையெழுத்துப் போட்டார். கம்பெனி பக்கத்துக் கையெழுத்து விழலை. கடைசி நேரத்துல மறுத்துட்டாங்க. வெறுங்கையோட ஊர் திரும்பினார். 1974ல இறந்துட்டார்.

வாட்டர்மேன் அதுக்கப்புறமும் விடலை. அந்தக் கம்பெனியை ஒரு பெரிய நிறுவனம் வாங்குற நேரம் வந்தது. தீராத வழக்கு இருக்கிற சொத்தை யார் வாங்குவாங்க? அந்த இடத்துல பிடிச்சார். பணம் வந்தது. க்ரூடப்புக்கு இல்லை, குடும்பத்துக்கு. அதாவது, கூட நின்ன ஒருத்தர் இருந்தும், இவ்வளவு நாள் பிடிச்சது.

மருந்துக் கடைக்கு ஒரு வண்டி

இதுவரைக்கும் நான் சொன்னதெல்லாம் பேர் தெரிஞ்ச பாட்டு இருந்தவங்களோட கதை. எல்விஸ் பாடாத, யாரும் ஹிட் ஆக்காத கலைஞர்களுக்கு எந்த ராயல்டியை வாங்கித் தர முடியும்?

1990 வாக்குல டிம் டஃபின்னு ஒரு இளைஞர், வட கரோலினாவுல வின்ஸ்டன்-சேலம் நகரத்துல கிட்டார் கேப்ரியல் என்கிற கலைஞரைத் தேடிப் பிடிச்சார். பாட்டை விட முதல்ல கண்ணுல பட்டது அவர் நிலைமை. மளிகைக்கு வழியில்லை, மருந்துக்கு வழியில்லை. டஃபி அவரை வண்டியில உட்காரவெச்சு மருந்துக் கடைக்கும் பலசரக்குக் கடைக்கும் கூட்டிட்டுப் போவார். போற வழியில இன்னொரு கலைஞர் வீடு, அவர் சொல்ல இன்னொருத்தர் வீடுன்னு ஒரு முழுச் சமூகமே அவருக்குத் தெரிய வந்தது. கண்டுபிடிச்சது மேப்ல தேடி இல்லை, கடைக்குப் போயிட்டு வந்த வழியில.

1994ல டிம் டஃபியும் மனைவி டெனிஸும் சேர்ந்து மியூசிக் மேக்கர் அறக்கட்டளையை ஆரம்பிச்சாங்க. முதல் பேர்ல நிவாரணம்ங்கிற சொல்லே இருந்தது. அவங்க செய்யற வேலைகளைப் பாருங்க. வயசான, வருமானம் குறைஞ்ச கலைஞர்களுக்கு மாசாமாசம் மருந்துக்கும் வாடகைக்கும் உதவித் தொகை. அடகுக்குப் போன கிட்டாருக்குப் பதிலா இன்னொரு கிட்டார். வெளிநாட்டுக் கச்சேரின்னா முதல்ல பாஸ்போர்ட். சிடி போட்டா அதைக் கலைஞர் கையிலயே கொடுத்து, கச்சேரியில வித்துக்கச் சொல்றது. நம்ம பேச்சுல 'கலையைக் காப்பாத்தணும்'னு அடிக்கடி வரும். இங்க முதல்ல கலைஞரோட சர்க்கரை மாத்திரையைக் கவனிச்சாங்க.

ஹர்ட்ல இருந்து டஃபி வரைக்கும் வரிசையாப் பார்த்தா எனக்கு ஒண்ணுதான் தெளிவாச்சு. தேடிப் போறதுக்கு ஆர்வம் போதும், ஒரு வாரம் லீவு போதும். அதுக்கப்புறம் கூட நிக்கிறதுக்குத்தான் வருஷக்கணக்காகும். எலிசபெத் காட்டனுக்கும் க்ரூடப் குடும்பத்துக்கும் கடைசியில ஏதாவது கிடைச்சதுன்னா, யாரோ ஒருத்தர் பேரையும் கணக்கையும் விடாமப் பிடிச்சுக்கிட்டு இருந்ததாலதான்.

அந்த இருபது செகண்ட்

சரி, நம்ம பறை இசைக்கு வர்றேன்.

மூணு வருஷம் முன்னாடி எங்க ஊர்ல தாத்தா இறந்தப்போ ஃபோன்ல எடுத்த பதிவு அது. பாட்காஸ்ட் ஆரம்பிச்சப்போ ஆரம்ப இசை வேணும்னு தேடினேன், ஃபோன்ல இது கிடைச்சது. பின்னாடி அழுகைச் சத்தம் இருந்தது. அதை ஃபில்டர் போட்டு எடுத்துட்டு, இருபது செகண்ட் வெட்டினேன். நல்லா இருக்குன்னு நிறைய பேர் எழுதினீங்க. நானும் பெருமையாப் பதில் போட்டேன். நம்ம பக்கத்துல நன்றிப் பட்டியல்ல என் மைக் பேர் இருக்கு, எடிட்டிங் சாஃப்ட்வேர் பேர் இருக்கு. பறை அடிச்சவங்க பேர் இல்லை. எனக்கே தெரியாது. சின்ன வயசுல இருந்து அவங்க வாசிக்கிறதைப் பார்த்திருக்கேன். எங்க தெருவுல அவங்களைப் பெரியவங்க சின்னவங்க எல்லாருமே 'வாடா போடா'ன்னு கூப்பிட்டதையும் பார்த்திருக்கேன்.

இந்த எபிசோடுக்கு 'ஃப்ரெய்ட் ட்ரெயின்' கதையை எழுதிக்கிட்டிருந்தப்போதான் உறைச்சது. மாமாவுக்கு ஃபோன் போட்டு அவங்க நம்பர் கேட்டேன். "அன்னைக்கே காசு குடுத்தாச்சேடா, இப்ப எதுக்கு?"ன்னார். காசு சாவுக்குக் குடுத்தது மாமா, பாட்காஸ்டுக்கு இல்லைன்னு சொல்லிப் புரியவைக்க ஒரு கால் மணி நேரம் ஆச்சு.

குழுவுல பெரியவர் ஒருத்தர்கிட்ட பேசினேன். "எந்தச் சாவு தம்பி?"ன்னு கேட்டார். ஃபோன்லயே போட்டுக் காட்டினேன். இன்னொரு தடவை போடச் சொன்னார். "முன்னால அடிக்கிறது நான் இல்ல தம்பி, எங்க அண்ணன் மவன். இனிமே சாவுக்கு அடிக்க மாட்டேன்னு சொல்லிட்டு திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போயிட்டான்."

திருப்பூர் நம்பர் வாங்கி அவர்கிட்டயும் பேசினேன். பொறுமையா முழுசாக் கேட்டார். கேட்டுட்டு, "துக்க வீட்டுல எடுத்ததுன்னு சொல்லிப் போட்டீங்களா, சும்மா மியூசிக்னு போட்டீங்களா?"ன்னார். என்கிட்ட பதில் இல்லை. பேர் போடட்டுமாண்ணான்னு கேட்டேன். யோசிச்சுச் சொல்றேன், அதுவரைக்கும் எடுத்துடுங்கன்னார். காசு பத்திப் பேச்சை எடுத்ததும், "அன்னைக்கு அஞ்சு பேர் அடிச்சோம். பேசறதுன்னா அஞ்சு பேர்கிட்டயும் பேசுங்க"ன்னு சொல்லி வெச்சுட்டார்.

அதனாலதான் இன்னைக்கு இசை இல்லை. பழைய எபிசோடுகளையும் ஒவ்வொண்ணா அந்த இருபது செகண்ட் இல்லாம மறுபடி ஏத்திக்கிட்டிருக்கேன். அஞ்சு பேர்ல இதுவரைக்கும் மூணு பேர்கிட்ட பேசியாச்சு. ஒருத்தர் சென்னையில இருக்காராம், ஒருத்தர் நம்பர் மாறிடுச்சு. அவங்க சம்மதிச்சா அவங்க சொல்ற பேரோட, அவங்க சொல்ற கணக்கோட இசை திரும்ப வரும். வேண்டாம்னா வராது, நாம இப்படியே வணக்கம் சொல்லி ஆரம்பிச்சுக்கலாம்.

உங்க ஃபோன்லயும் இப்படி ஏதாவது ஒரு பதிவு இருக்கும். கோயில் கொடையில எடுத்த கணியான் கூத்து, வயல்ல எடுத்த நடவுப் பாட்டு, பாட்டி வீட்டுப் பக்கத்துல யாரோ பாடின ஒப்பாரி. ஷேர் பண்றதுக்கு முன்னாடி பாடினது யாருன்னு ஒரு தடவை விசாரிங்க. ஊர்ல யாருக்காவது கட்டாயம் தெரிஞ்சிருக்கும், கடையில கேட்டாலே வழி சொல்லுவாங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம். வணக்கம்.